உப்பளத்துத் தோல்

சேர்மக்கனியின் உள்ளங்காலில் உளுந்தளவு தோன்றிய கறுப்புப் புற்று, தொடையிடுக்குவரை பரவிவிட்டது. மருந்தும் இருந்தது. யாருடைய மரபணுவில் என்ன மாற்றம் என்று பார்த்து ஊசி போடும் இயந்திரமும் அந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. அதுதான் கையை விரித்தது.

"உங்கள் உப்பள மக்களுக்கு அந்த மரபணு மாற்றம் கிடையாது. ஊசி பயன் தராது."

"எங்க வீட்டுக்காரர் காலைச் சுரண்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள் பவுனுத்தாய்.

"தேவையில்லை. உங்கள் ஊரில் எழுபது பேரைச் சோதித்தாயிற்று. எழுபதும் அச்சு அசலாக ஒன்று. இப்படி ஒரே மாதிரியான மக்கள் உலகிலேயே அரிது."

அது ஏன் என்று பவுனுத்தாய்க்குத் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால், பாதத்துத் தோலைச் சுரண்டிப் போடச் சொல்லி ஆஸ்பத்திரிக்காரர்கள் சோதனைக்காக வீட்டுக்கு வீடு குப்பி கொடுத்தார்கள். தோலில் கோளாறு தெரிந்தால் அளத்துப் பக்கமே வரக்கூடாது என்று கங்காணி சொல்லிவிட்டான். ஒரு மச்சம்கூட இல்லாத கால் ஊரில் அவளுக்குத்தான். அத்தனை பேரும் குப்பியோடு அவள் வாசலில் வந்து நின்றார்கள். எழுபதிலும் தன் தோலையே சுரண்டிப் போட்டாள், புருஷன் குப்பியிலும்.

"அது பூராவும் என் தோலு!" என்று கத்தினாள்.

"அப்படியா? பலகையில் காலை வையுங்கள்."

போன உயிர் திரும்பியதுபோல் செருப்பை உதறிவிட்டு வைத்தாள்.

"எழுபத்தொன்றாவது ஆளுக்கும் அதே முடிவு" என்றது இயந்திரம். "ஐயம் தீர்ந்தது. அடுத்தவர் வரலாம்."