பந்தயத்துக்குப் போகாத டிஸ்க்

ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் முன்சக்கரத்தில் கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க் ஒன்று இருந்தது. ஊருக்குள் போகும்போதெல்லாம் அது அலுத்துக்கொள்ளும். "முந்நூறு கிலோமீட்டர் வேகத்தை நிறுத்தப் பிறந்தவன் நான். என்னைப் போய் காய்கறிக் கடை வாசலில் நிறுத்த வைக்கிறார்களே!"

ஒருவழியாகப் பந்தய நாள் வந்தது. கார்க்காரர் நவநீதன் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "சேவியர், செராமிக்கைக் கழற்றி பத்திரமா வையுங்க. பந்தயத்துல தேஞ்சா புதுசு வாங்கி மாளாது. பழைய இரும்பு டிஸ்க்கையே மாட்டுங்க."

"பயமா இருக்குண்ணே" என்றது இரும்பு டிஸ்க்.

"போகப் போகப் பழகிடும்" என்றது, ஒரு பந்தயமும் பார்க்காத செராமிக். அதை மெத்தென்ற துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார்கள்.

கார் ஜெயித்தது. இரும்பு டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்து, உடம்பெல்லாம் விரிசலோடு திரும்பியது. சேவியர் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, பாராட்டு விழாவுக்காகச் செராமிக்கைத் துடைத்து மாட்டினார்.

விழாவில் காருக்குப் போட்டிருந்த ரோஜா மாலை குனிந்து பார்த்துக் கேட்டது: "நேத்து ரொம்பக் கஷ்டப்பட்டீங்களோ?"

செராமிக் பெருமூச்சு விட்டது.

"அந்தச் சூடு இருக்கே, சொன்னா நம்ப மாட்டம்மா."