கரையில் நிற்பவர்கள்

யூத அருங்காட்சியகத்தின் மூன்றாம் கூடத்தில், கண்ணாடிப் பெட்டியை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. பெட்டிக்குள் ஒரு தோரா, அவர்களுடைய வேதச் சுருள், ஒரே இடத்தில் விரிந்து கிடக்கிறது. ஊரில் மிஞ்சிய ஒரே யூதரான எப்ராயிம் வெள்ளிக்கிழமைதோறும் வந்து அதைப் படிப்பார். அவர் விரல் காற்றில் வலமிருந்து இடமாக ஊர்ந்து போகும்.

"இதுல இருக்கிறவங்க, எகிப்துல அடிமையா இருந்து தப்பி வந்த எங்க ஜனங்கம்மா. முன்னால கடல், பின்னால ராஜாவோட படை. வாராவாரம் கொஞ்சம் சுருட்டிப் படிக்கிறது எங்க வழக்கம். ஆறு வருஷமா இவங்க கரையிலயே நிக்கிறாங்க. அடுத்த பத்தியில கடல் பிளந்துடும். கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்களேன்."

சொன்னேன். காப்பாட்சியர் தில்லைநாயகம் ஒவ்வொரு தடவையும் "மேலிடத்துல கேக்கணும்" என்றார். 

போன செவ்வாய்க்கிழமை அனுமதி வந்தது. காப்பாட்சியர் கையுறை மாட்டிக்கொண்டு, இடமிருந்து வலமாக நாம் புத்தகம் படிக்கிற போக்கிலேயே சுருளை நகர்த்தினார். பாவம், வெகுதூரம் போகட்டும் என்று தாராளமாகவே நகர்த்தினார். பிறகு பூட்டி முத்திரை வைத்தார். "இனி பத்து வருஷத்துக்குத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு."

வெள்ளிக்கிழமை எப்ராயிம் குனிந்து வெகுநேரம் படித்தார்.

"கரையேறிட்டாங்களா ஐயா?"

அவர் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டார். தொடாதீங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மறுபடியும் எகிப்துல செங்கல் அறுத்துக்கிட்டு இருக்காங்கம்மா."