குப்பைமேட்டில் எடுத்த பெயர்

தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று பெற்ற தாயிடமே சொல்லிவிட்டாள் ஜெயபாய்.

அவளுக்கு முதலில் வைத்த பெயர் குப்பம்மாள். திருவனந்தபுரம் ஆரியசாலையில் அரிசிக்கடை வைத்திருந்த வேலப்பனுக்கு, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் பெயரைக் கேட்ட அக்கம்பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மலையாளத்திலும் 'குப்ப' என்றால் கழிவுதான். ஆறே மாதத்தில் கெஜட்டில் போட்டு ஜெயபாய் ஆகிவிட்டாள்.

தாய் முத்தாரம்மாள் கோபப்படவில்லை.

"ஒனக்கு முந்திப் பொறந்த மூணும் தங்கல. ஒன்னைக் குப்பைமேட்டுல போட்டு எடுத்து அந்தப் பேரு வச்சேன், எமன் சீந்த மாட்டாம்னு. இனிமே கூப்பிடல மக்களே."

வேலப்பனுக்குத்தான் மனசு ஆறவில்லை. பழந்தமிழில் குப்பை என்றால் குவியல்தான், நெல்லைக் குவித்தாலும் முத்தைக் குவித்தாலும் குப்பைதான் என்று எங்கோ படித்ததைச் சொல்லிப் பார்த்தான்.

"தெருவுல சிரிக்கவகிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள் ஜெயபாய்.

முப்பது வருஷம் முத்தாரம்மாள் சொன்ன சொல் தவறவில்லை. மகளை 'மக்களே' என்பதோடு சரி.

போன மாதம் முத்தாரம்மாளுக்குப் பக்கவாதம் வந்து, திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஐசியூவில் சேர்த்தார்கள். மறுநாள் காலை நர்ஸ் பிஜி கதவைத் திறந்துகொண்டு, வாசலில் நின்ற ஜெயபாயிடம் வந்தாள். அம்மச்சிக்கு நாக்கு குழறுகிறது, 'குப்ப, குப்ப' என்று மட்டும் சொல்கிறார்கள், என்னவென்று தெரியுமா என்று கேட்டாள்.

ஜெயபாய்க்குத் தெரிந்தது. ஆனால் மகள் அஞ்சுவுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டார், நலம் விசாரிக்க வந்து பக்கத்திலேயே நின்றார்கள்.

"அம்மா சுத்தம் ரொம்பப் பாப்பாங்க. அங்க எங்கயாவது குப்பை கெடக்கும்" என்றாள்.

அவர்களை அனுப்பிவிட்டு உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றிருந்தாள். அவர்கள் கிளம்ப ஒரு மணி நேரமானது. வழியனுப்பிவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பிஜி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னதைக் கேட்டு மூணு தடவை தரையைத் துடைச்சோம் சேச்சி. கட்டிலடியில இருந்த கூடையைக்கூட வெளியே எடுத்து வெச்சோம். அம்மச்சிக்குத் திருப்தியாகல. கடைசி வரைக்கும் நீங்க நின்ன வாசலையே காட்டி, குப்ப குப்பன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க."