ஆற்றுக்குப் போட்ட நாற்காலி

தடாலென்று ஒரு நாற்காலி பின்பக்கமாக விழுகிறது. பட்டப்பகல், ஜன்னல்கள் சாத்தியிருக்கின்றன, மின்விசிறியும் ஓடவில்லை. அந்தச் சின்னப் பசுமைக் கட்சியின் செயற்குழு கூடும்போதெல்லாம் ஆற்றுக்கென்று ஒரு காலி நாற்காலி போட்டு, எதிரே ஒரு தம்ளர் தண்ணீர் வைப்பது வழக்கம். இன்று ஆற்று மணல் அள்ளுகிறவர்களின் கட்சியோடு கூட்டணி சேர வாக்கெடுப்பு. அவர்கள் தரும் ஒரே ஒரு தொகுதிக்காகத் தலைவர் முதல் ஆளாகத் தூக்கிய கை அந்தரத்தில் நிற்கிறது. "காத்துல விழுந்திருக்கும்மா. நீ கையை எண்ணு," என்கிறார். செயலாளரான அவருடைய தங்கை விழுந்து கிடக்கும் ஆற்றின் நாற்காலியை நிமிர்த்துகிறாள். தம்ளர் தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஆனால் இருக்கை சொதசொதவென்று ஈரமாக இருக்கிறது. அவள் உள்ளங்கையில் மணல் நறநறக்கிறது.

"காத்து இல்லண்ணே. கோவிச்சுக்கிட்டு வெடுக்குன்னு எழுந்து போனாத்தான் நாற்காலி இப்படி விழும்."