கோழி வாட்ச்

“மொதல்ல கை வச்சது நான் சார். விடுங்க!”

“நல்லா இருக்கே நியாயம்! உங்க கை பட்டது வார்மேல. என் கை பட்டது வாட்ச்மேல.”

ரயில் நிலையத்துக்கு எதிரே, பழைய கைக்கடிகாரம் விற்கும் சின்னக் கடையில், மீசைக்காரரும் வழுக்கைத் தலைக்காரரும் ஒரே வாட்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் பழைய வாட்ச் சேர்ப்பதென்றால் பைத்தியம். விலை உயர்ந்த சமாச்சாரமெல்லாம் வேண்டாம். மலிவாக இருக்க வேண்டும், கொஞ்சம் கிறுக்குத்தனமும் இருக்க வேண்டும்.

இந்த வாட்சில் அது தாராளமாகவே இருந்தது. சாவி கொடுத்தால், முகப்பில் வரைந்திருந்த கோழி நொடிக்கு ஒரு தடவை குனிந்து தரையைக் கொத்தும். பெரிய முள்ளைத்தான் காணோம்.

“பெரிய முள் இல்லாம மணி எப்படிப் பார்ப்பீங்க?” என்று மட்டம் தட்டிப் பார்த்தார் வழுக்கைத் தலைக்காரர்.

“மணி பார்க்கவா சார் நாம வாட்ச் வாங்கறோம்?”

வழுக்கைத் தலைக்காரர் வாட்சை இன்னும் பலமாக இழுத்தார்.

கடைக்காரர் வாட்சைப் பிடுங்கி டிராயருக்குள் போட்டார். “இழுக்கற இழுப்புல கோழி செத்துடும். யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுங்க, அப்புறம் தர்றேன்.”

இருவரும் ஆளுக்கொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

“நீங்க எந்த வண்டி?” என்று விசாரித்தார் வழுக்கைத் தலைக்காரர்.

“காலை எக்ஸ்பிரஸ்.”

“அட, நானும் அதேதான்! நேரமாச்சு, ஓடுங்க சார்.”

“நீங்க முன்னால போங்க. இதோ, பின்னாலயே வர்றேன்.”

மீசைக்காரர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் தாமதமானால் மேலதிகாரி தோலை உரித்துவிடுவார். ஆனாலும் அந்தக் கோழியை விட மனசு வரவில்லை.

வழுக்கைத் தலைக்காரரின் போன் அலறியது. அவர் மனைவியின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

“எங்கே தொலைஞ்சீங்க? மூட்டை முடிச்சோட வண்டியில தனியா உட்கார்ந்திருக்கேன்!”

“வந்துட்டேம்மா, வந்துட்டே இருக்கேன்.” ஆள் அசையவில்லை.

மறுபடியும் போன். “இப்ப வரலேன்னா, வீட்டுல இருக்கற அத்தனை வாட்சையும் சுத்தியலால உடைச்சிடுவேன்!”

வழுக்கைத் தலைக்காரர் துள்ளி எழுந்தார். “கல் நெஞ்சு சார் உங்களுக்கு! வண்டியே போனாலும் நகர மாட்டீங்கபோல!” என்று கத்திவிட்டுத் தலைதெறிக்க ஓடினார்.

மீசைக்காரர் வாட்சை வாங்கி, சாவி கொடுத்து, கையில் கட்டி, கோழி கொத்துவதை ஆசை தீரப் பார்த்துவிட்டு, ஆற அமர ஸ்டேஷனுக்குள் நடந்தார்.

பிளாட்பாரமே கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு ஜன்னலில் வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது.

“ஓடி வாங்க சார், ஓடி வாங்க! உங்களுக்கு மச்சம்தான், வண்டி இன்னும் நிக்குது!”

மீசைக்காரர் அவருக்குக் கையாட்டிக்கொண்டே அந்தப் பெட்டியைத் தாண்டி, அடுத்தடுத்த பெட்டிகளையும் தாண்டிப் போய், எஞ்சினில் ஏறி உட்கார்ந்து ஹாரனை அடித்தார்.