புதுக் கிணற்றுக்கு இடம்

"பக்கத்துப் பண்ணை ஹோல்கர் மறுபடியும் வயலுக்கு உரம்னு பன்னிக் கழிவு அடிக்கிறான். வெக்கங்கெட்டவன்," என்று எஸ்கில் ஜன்னலைச் சாத்தினார்.

அவர் ஊர்த் தண்ணீர்ச் சங்கத் தலைவர். ஊர்க் கிணறு அவர் நிலத்தில் இருந்தது. எதிரே அந்தத் தண்ணீரின் சோதனை முடிவோடு நிலத்தடி நீர் ஆய்வாளர் தோர்த்தே.

"நைட்ரேட் இந்த வருஷமும் ஏறிடுச்சு. கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது."

"பன்னியெல்லாம் வித்துப் பன்னெண்டு வருஷமாச்சேம்மா. ஒரு பிடி உரம்கூடப் போடலையே."

"உங்களது மணல் பூமி. முப்பது வருஷம் முன்னாடி நீங்க கொட்டின பன்னிக் கழிவுதான் இப்ப கிணத்துக்கு வந்து சேருது. இப்ப நீங்க செய்யுற நல்லது வர இன்னும் முப்பது வருஷம் ஆகும்."

எஸ்கிலுக்கு எழுபத்தொன்று.

"அப்ப மூடிட வேண்டியதுதானா?"

"வேற வழியில்ல. புதுக் கிணத்துக்கு இடம் பார்த்தாச்சு. அடியில நாப்பது மீட்டர் களிமண். மேல எதைக் கொட்டினாலும் கீழ இறங்காது. தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு."

"நல்லதாப் போச்சு. யாரு நிலம்?"

தோர்த்தே சாத்திய ஜன்னலைப் பார்த்தாள்.

பிறகு புதுக் கிணற்றுக்கான ஒப்புதல் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். "தலைவர் கையெழுத்து இங்க."