மூன்றாவது குழி

“எனக்குக் குழி வெட்டிக்கிட்டிருக்காங்க. சத்தம் கேக்குதா?” என்றார் பெரியவர், போனைத் தரைக்கு அருகே காட்டி.

கீழே பேஸ்மென்ட்டில் பிரேக்கர் மெஷின் கான்கிரீட்டை உடைத்துக்கொண்டிருந்தது. மேஜை மேலிருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கியது.

மறுமுனையில் அவர் மனைவி சிரித்தாள். மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனவள், மூன்று வருஷமாக அந்த ஊரிலேயே இருக்கிறாள். இங்கே மகன் வீட்டில் மிச்சம் இருந்தது மாடியில் ஒற்றைக் கட்டில் போட்ட ஓர் அறைதான். அதில் இவர்.

“பாத்ரூம் கட்டறதைப் போய் இப்படியா சொல்லுவீங்க? பிள்ளை எது செஞ்சாலும் யோசிச்சுத்தான் செய்வான்.”

“நல்லாத்தான் யோசிச்சிருக்கான். என்னை மாடியிலேர்ந்து கிளப்பிப் பாதாளத்துல போடப் போறான். பின்னாடி தனி வாசல் வேற இருக்கு. வீட்டு ஆளா, வாடகை ஆளான்னே தெரியாது.”

“கொஞ்சம் பொறுமையா இருங்களேன்” என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

அவருக்குப் பொறுமை போய் மூன்று நாள் ஆகிவிட்டது. முதல் நாள் பிளம்பர் மருமகளிடம் கேட்டது படிக்கட்டில் நின்ற அவர் காதில் விழுந்திருந்தது.

“சீட் எவ்வளவு உயரத்துல வைக்கணும்மா?”

“நல்லா உயரமா வச்சிடுங்க. முட்டி மடங்காது. ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கக் கம்பி வேணும்.”

எனக்கா முட்டி மடங்காது? தினமும் காலையில் நாலு கிலோமீட்டர் நடக்கிறவர், அன்று இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்குப் போனார். யாரும் பார்க்கவில்லை.

மாடி அறையில் ஒரு ஜன்னல் இருந்தது. எட்டு மணிக்குப் பள்ளி வேன், பத்து மணிக்குத் தபால்காரர், சாயங்காலம் எதிர்வீட்டு நாய். கீழே ஜன்னலே கிடையாது.

அன்றைக்கே பிளம்பர் இன்னொன்றும் கேட்டார். “தரைக்கு அடியில டிரெய்னேஜ் மெயின் லைன் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியணும் சார். பைப்புக்குள்ள கேமரா விட்டுப் பாத்துடலாமா?”

“அப்பா இருக்கும்போது கேமரா எதுக்கு?” என்றான் மகன். “வீடு கட்டும்போது தினமும் வந்து நின்னவர் அவர்தான். ஒவ்வொரு பைப்பும் அத்துப்படி.”

உண்மைதான். குழாய் படிக்கட்டை ஒட்டிப் போவது அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். அவர் எதிர்மூலையைக் காட்டினார்.

முதல் குழியில் மண்தான் வந்தது. “ஒருவேளை ரெண்டடி தள்ளி இருக்குமோ?” என்றார். இரண்டாவது குழியில் கருங்கல் வந்தது. இன்று மூன்றாவது.

மெஷின் நின்றதும் அவர் கீழே இறங்கிப் போனார். அலுவலகத்துக்கு மூன்று நாள் லீவு போட்டிருந்த மகன், கான்கிரீட் துண்டுகளை வாளியில் அள்ளிப் பின்கதவு வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தான். இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது. மருமகள் வாசலில் துடைப்பத்தோடு நின்றாள்.

“தலைக்குக் குளிச்சா சிமெண்ட் கரைஞ்சு வருது மாமா” என்றாள். “காபி குடிச்சாப் பல்லுல மணல் நெறநெறங்குது.”

பிளம்பர் குழிக்குள்ளிருந்து நிமிர்ந்தார். முகமெல்லாம் வெள்ளையாக இருந்தது. “ஐயா, தப்பா நினைக்காதீங்க. வீடு கட்டும்போது நீங்க நின்னுக்கிட்டிருந்தீங்களா, தூங்கிக்கிட்டிருந்தீங்களா?”

“என்னப்பா பண்றது? முட்டியே வேலை செய்யாதவனுக்கு மூளை மட்டும் வேலை செய்யுமா?”

மருமகள் புரியாமல் அவரையும் அவர் கால்களையும் பார்த்தாள்.

“இன்னொரு எடம் பாக்கலாமே” என்றான் மகன்.

“எங்க சார் பாக்கறது? தரையே சல்லடையாயிடுச்சு. இதுக்கு மேல இந்தப் பக்கம் உடைச்சா சுவருக்கு ஆகாது. நாளைலேர்ந்து எனக்கு வேற எடத்துல வேலை. ரெண்டு மாசம் கழிச்சுக் கூப்பிடுங்க, கேமராவோட வரேன்.”

“ரெண்டு மாசமா?” மகன் வாளியைத் தூக்கி எறிந்தான். அது உருண்டு போய்க் குழிக்குள் விழுந்தது. இத்தனை வருஷத்தில் அவன் ஒரு பொருளைத் தூக்கி எறிந்து பெரியவர் பார்த்ததில்லை.

பிளம்பர் மெஷினின் வயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

பெரியவர் மாடிக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே பிளம்பரின் வண்டி கிளம்பித் தெருமுனையில் திரும்பியது. மூன்று நாளுக்குப் பிறகு வீட்டில் சத்தமே இல்லை. டம்ளரில் தண்ணீர் அசையாமல் நின்றது. அவர் அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

ஜெயித்தாயிற்று. ஆனால் பையனின் கையில் சுற்றியிருந்த துணிதான் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஓரத்தில் ரத்தம் கசிந்திருந்தது. மருந்தாவது போட்டுவிடலாம் என்று களிம்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் இறங்கினார்.

மகன் குழி விளிம்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான். பெரியவர் கடைசிப் படியில் நின்றார்.

“இல்லக்கா, கீழ பாத்ரூம் இப்போதைக்கு ஆகாது. அந்த முட்டியை வச்சுக்கிட்டு மாடி ஏறவும் முடியாது. நல்ல வேளை, அப்பாகிட்ட இன்னும் சொல்லல, ஏமாந்து போயிருப்பாரு... அம்மா டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடு.”